நல்ல கைக்கு ஒரு சாக்ஸ்

உட்காருங்க அக்கா. இந்தப் பக்கம் உட்காருங்க, அந்தப் பக்கம் ஃபேன் காற்று நேரே குழந்தை மேல் அடிக்கும். டோக்கன் வாங்கிவிட்டீங்களா? வாங்கியாச்சென்றால் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவரைக்கும் இருக்க வேண்டியதுதான். நானும் இருக்கிறேன். என் அக்கா உள்ளே இருக்கிறாள், குழந்தையோடு. அவள் மாமியாரும் உள்ளேதான். நாலாவது ஆளுக்கு இடமில்லை என்று நினைத்துவிடாதீங்க. போன வாரம் ஒரு குடும்பமே தூக்குச்சட்டியோடு உள்ளே போய் உட்கார்ந்திருந்தது. என்னைத்தான் வெளியே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

சொன்னது யார் தெரியுமா? டாக்டர் இல்லை. தெரபி சொல்லிக்கொடுக்கிற அந்த அம்மாவும் இல்லை. என் அக்கா. கூடப்பிறந்த அக்கா.

உங்களுக்கு எத்தனையாவது மாசத்தில் பிறந்தது? எட்டிலா? எங்கள் நித்தி ஏழில். நித்திலன். நான் வைத்த பேர். நித்திலம் என்றால் முத்து. அவ்வளவுதான் இருந்தான், அதனால் வைத்தேன். இப்போது ஒரு வயது தாண்டிவிட்டது. வலது கை திறக்க மாட்டேன் என்கிறது. மடக்கினது மடக்கினபடி இருக்கிறது. அதைத் திறக்க வைக்கத்தான் வாராவாரம் வருகிறோம். திறக்குமா என்று கேட்டால் "பார்ப்போம்மா" என்கிறார்கள். பார்ப்போம் என்பது ஒரு பதிலா? எங்கள் யுனிவர்சிட்டியில் தேர்வுத்தாளில் அப்படி எழுதினால் முட்டை போடுவார்கள்.

பஸ்ஸுக்கு நேரமாகிறதா? வாசலையே பார்க்கிறீங்களே. போவதானால் போங்க, இங்கே யாரும் பிடித்து வைக்கப்போவதில்லை. முன்பென்றால் நானே போங்க என்று சொல்லியிருப்பேன். இப்போது நான் யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. நடந்ததைச் சொல்கிறேன். நியாயம் எந்தப் பக்கம் என்று நீங்களே சொல்லுங்க.

வேணிக்கு, அதான் என் அக்காவுக்கு, பிரஷர் ஏறி முகமெல்லாம் வீங்கிவிட்டது. வளைகாப்புக்கு வாங்கின வளையல் பெட்டி பிரிக்காமலே கிடக்க, ஏழாம் மாசத்திலேயே ஆபரேஷன் பண்ணி எடுத்துவிட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். வேணியின் மாமியார் சீனியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அணில்பிள்ளை கணக்கால்ல இருக்கு" என்றது. பெற்றவள் காதில் விழுகிற மாதிரி. நான் சும்மா இருப்பேனா? "மனுசப் பிள்ளை அத்தை. உங்க மகன் பெத்த பிள்ளை. அணில்னா நீங்க யாரு?" என்று கேட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. ஒரு ஆயாம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

வேணியால் எழுந்திருக்க முடியவில்லை. நர்ஸ் வந்து, "பிள்ளைய நெஞ்சோட சேத்து அணைச்சு வெச்சுக்கணும், யாரு வாரீங்க?" என்று கேட்டபோது சீனியம்மா கூச்சப்பட்டுக்கொண்டு பின்னால் போய்விட்டது. நான் போனேன். "கல்யாணம் ஆகாத பிள்ளை, நீ எப்படிட்டி" என்று இழுத்தது. "இதுக்குக் கல்யாணம் எதுக்கு அத்தை, நெஞ்சு இருந்தாப் போதும்" என்றேன். துணியை வைத்துக் கட்டிவிட்டார்கள். ஒரு சூடு. எலும்புக்குப் பக்கத்தில் ஒரு மூச்சு, நின்று நின்று வரும். நான் என் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பேன். காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு அதைத்தான் செய்தேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், யாரோ ஒருத்தி வந்து மூக்கை நுழைத்த மாதிரி இப்போது பேசுகிறார்கள் இல்லையா, அதற்காக.

வீட்டுக்கு அனுப்பும்போதே சொல்லித்தான் அனுப்பினார்கள். எடை குறைச்சலாகப் பிறந்த பிள்ளைகள் எல்லாம் மாதாமாதம் இங்கே வரவேண்டும், நன்றாக இருந்தாலும் வரவேண்டும் என்று. வேணி முதலில் வந்தாள். இரண்டு பஸ் மாறி, தையல் போட்ட வயிற்றோடு. இதே பெஞ்ச்தான். தலையை அளந்தார்கள், காலை ஆட்டிப் பார்த்தார்கள், எழுதிக்கொண்டார்கள், அடுத்த மாசம் வா என்றார்கள். வீட்டுக்குப் போனால் தெரு சும்மா இருக்குமா? தலை நின்னுட்டா, குப்புற விழுந்துட்டானா, எதுத்த வீட்டுப் பிள்ளை தவழுதே என்று ஆளாளுக்கு ஒரு கேள்வி. வேணி போனில் அழுவாள்.

நான் ஒரே போடாகப் போட்டேன். "பிறந்த நாளிலிருந்து எண்ணாதே. பிறக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணு. ஏழில் பிறந்தவனுக்கு இரண்டு மாசம் கழித்துத்தான் கணக்கு." நானாகச் சொன்னதில்லை, இங்கேயே சொல்வார்கள், உங்களுக்கும் சொல்லுவார்கள். சரியான கணக்கு. வார லீவில் ஊருக்குப் போகும்போதெல்லாம் தெருவுக்கே பாடம் எடுத்தேன். பால்காரர் வரைக்கும் படித்துவிட்டார். சீனியம்மாவே, "எம் பேரனுக்கு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் எண்ணணும், டாக்டரே சொல்லியிருக்காவ" என்று எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்தது. பிறகு அவர்களாகவே கழிக்க ஆரம்பித்துவிட்டார்கள். காய்ச்சலில் கிடந்ததற்கு ஒரு பதினைந்து நாள். அத்தான் லாரி எடுத்துக்கொண்டு வடக்கே போயிருந்தபோது பிள்ளை ஏங்கிவிட்டானாம், அதற்கு ஒரு மாசம். நான் தடுக்கவில்லை. யாருக்கு என்ன நஷ்டம்? வேணி அழுவது நின்றதா இல்லையா?

அப்புறம் எதற்கு இரண்டு பஸ் மாறி இங்கே வர வேண்டும்? "குறை இருக்கா, குறை இருக்கான்னு தேடுற இடம் அது. தேடினா யார்கிட்டயும் ஒண்ணு கிடைக்கும். நல்ல பிள்ளையை ஏன் வரிசையில கொண்டு போய் நிறுத்துற?" என்று கேட்டேன். வேணியிடம் பதில் இல்லை. பதில் இல்லாவிட்டால் கேள்வி சரி என்றுதானே அர்த்தம்? அடுத்த மாசம் அவள் வரவில்லை. அதற்கடுத்த மாசமும்.

பிள்ளை நன்றாகத்தான் இருந்தான். அவன் சிரிப்பைப் பார்க்க வேண்டுமே. என் கண்ணாடி என்றால் உயிர். நான் உள்ளே நுழைந்ததும் மூஞ்சிக்கு நேரே கையை வீசி ஒரே பிடி. இரண்டு ஃப்ரேம் உடைத்துவிட்டான். இது மூன்றாவது. எப்போதும் இடது கைதான். நான் பூரித்துப் போனேன். இடது கைக்காரன்! எங்கள் வீட்டில் அப்படி ஒருவர்கூட இல்லை.

சீனியம்மாவுக்கு மூஞ்சி சுருங்கிவிட்டது. "என்னட்டி இவன் எதை எடுத்தாலும் பீச்சாங்கையாலயே எடுக்கான்." எனக்கு இதுதான் தாங்காது. கை என்றால் கை. அதில் ஒன்று சோறு, ஒன்று அசிங்கம் என்று பிரித்து வைத்தது யார்? பிறந்த குழந்தையின் உடம்பில்கூட மேல் கீழ் பார்க்கிற புத்தி. நான் சமூகவியல் படிக்கிறேன் அக்கா, இரண்டாம் வருஷம். இதையெல்லாம் புத்தகத்தில் படித்துவிட்டு வீட்டில் விட்டுவிட முடியுமா?

குலசாமி கோயிலில் முடி இறக்கி முதல் சோறு ஊட்டினார்கள். சொந்தக்காரர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். சர்க்கரைப் பொங்கல் கிண்ணத்துக்கு நித்தி இடது கையை நீட்டினான். யாரோ ஒரு பெரியம்மா 'ச்சீ' என்றது. சீனியம்மா என்ன செய்தது தெரியுமா? பழைய வேட்டியில் ஒரு துண்டைக் கிழித்து, அவன் இடது கையைச் சுற்றிக் கட்டிவிட்டது. "சோத்தாங்கையால எடுக்கட்டும்." அவன் ஓவென்று அழுகிறான். கிண்ணத்தைப் பார்க்கிறான், அழுகிறான். வலது கையை நீட்டவே இல்லை. சீனியம்மாவே சொன்னது, "பாத்தியளா, அந்தக் கைய விரிக்கவே மாட்டேங்கான். மூடியே வெச்சிருக்கான்."

"கட்டிப்போட்டா எந்தக் கையை விரிப்பான்? உங்களைக் கட்டிப்போட்டா நீங்க விரிப்பீங்களா?" என்றேன். முடிச்சை அவிழ்த்துத் துணியைப் பொங்கப்பானை அடுப்பில் போட்டேன். பிறகு பேசினேன். அப்படி ஒரு பேச்சு நான் எந்தப் பேச்சுப் போட்டியிலும் பேசினதில்லை. சித்தப்பா ஒருத்தர் வீடியோ எடுத்தார். இன்னும் போனில் இருக்கிறது, இருங்க, காட்டுகிறேன். இதோ. சத்தம் குறைவாக வைக்கிறேன். மடியில் நித்தி. இடது கையால் கண்ணாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறான் பாருங்க, நான் பேச்சை நிறுத்தவில்லை. "இயற்கை கொடுத்ததைத் தீட்டுன்னு சொல்ல நாம யாரு?" இந்த இடத்தில் கைதட்டினார்கள். நீங்க என்ன அங்கே பார்க்கிறீங்க? அதுவா. அது அவனுடைய வலது கை. கட்டைவிரலை உள்ளே வைத்து மூடியிருக்கிறான். ஆமாம், வீடியோ முழுக்க அப்படித்தான் இருக்கிறது. எல்லோரும் என் முகத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதன்பிறகு சீனியம்மா அவன் கையைத் தொடவில்லை. ஜெயித்தது நான்தான்.

பிறகு ஒருநாள் நித்தியின் இடது கையில் எறும்பு கடித்து, புண்ணாகி, சீழ் வைத்துவிட்டது. ஊர் டாக்டர் மருந்து வைத்துக் கட்டுப் போட்டுவிட்டார். நான் ஹாஸ்டலில் இருந்தேன். வேணி அவன் முன்னால் ஒரு பிஸ்கட்டை வைத்திருக்கிறாள். பார்த்தானாம். கட்டுப் போட்ட கையை அடித்து அடித்துப் பார்த்தானாம். அப்புறம் குனிந்து, தரையில் வாயை வைத்து, வாயாலேயே எடுக்கப் பார்த்தானாம். வலது கை பக்கத்திலேயே இருக்கிறது. அது அவனுக்குத் தெரியவே இல்லை. மறுநாள் காலையில் வேணி பஸ் ஏறிவிட்டாள். யாருக்கும் சொல்லவில்லை. மாமியாரை மட்டும் கூட்டிக்கொண்டு போனாள்.

எனக்கு ஒரு போன்கூட வரவில்லை. என் வருத்தம் அதுதான். இத்தனை செய்த எனக்கு ஒரு போன் பண்ணத் தோன்றவில்லையே. நான்காம் நாள் நானாகக் கூப்பிட்டபோதுதான் சொன்னாள். அதுவும் எப்படி? "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தோம். கை வரலையாம். வெச்சிரட்டுமா?"

அடுத்த வாரம் நானும் வந்தேன். உள்ளே போனேன், ஆமாம், அன்றைக்கு உள்ளே விட்டார்கள். ஜெசிந்தா என்று ஒரு அம்மா, தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். நித்தியின் இடது கையில் ஒரு சாக்ஸை மாட்டி மணிக்கட்டில் நாடா போட்டுக் கட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே கை. அதே கட்டு. "எதுக்கு நல்ல கையைக் கட்டுறீங்க? அவன் இடது கைக்காரன்" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இந்த வயசுல எந்தக் கைக்காரனும் கிடையாதும்மா. ரெண்டு கையும் எட்டணும். ஒண்ணு மட்டும் எட்டுதுன்னா மத்தது ஏன் எட்டலைன்னு பாக்கணும். பிறந்த புதுசுல தலைக்குள்ள கொஞ்சம் ரத்தம் கசிஞ்சிருக்கு. அந்தக் கையை மூளை மறந்துக்கிட்டே வருது. நல்ல கை கொஞ்ச நேரம் ஓய்வா இருந்தா, மறந்த கைக்கு வேலை வரும். சின்ன வயசுன்னா மூளை வழி கண்டுபிடிக்கும்" என்று வேணியிடம் சொன்னார். கேட்டது நான். பதில் வேணிக்கு.

நித்தி அழுதான். நான் கேட்டேன், இதற்கு என்ன ஆதாரம், எத்தனை குழந்தைகளுக்குச் செய்து பார்த்தது, பெற்றோருக்கு முன்கூட்டியே விளக்க வேண்டாமா, கண்கொண்டு பார்க்க முடியாதபடி ஒரு குழந்தையை அழவிட்டுத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டுமா. எல்லாம் நியாயமான கேள்விகள். கேட்டுக்கொண்டே சாக்ஸ் நாடாவில் கை வைத்தேன் போல. எனக்கு நினைவில்லை. வேணி என் கையைத் தட்டிவிட்டாள். "நீ வெளிய இரு தேனு" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் நாலு கேட்டிருப்பேன்.

அன்றிலிருந்து இந்த பெஞ்ச்.

இன்னொன்றும் சொல்கிறேன். பெரிய டாக்டர் ஒருநாள் வந்து எல்லோர் முன்னாலும் வேணியைப் பிடித்துக்கொண்டார். "ஏன் இத்தனை மாசம் கொண்டு வரலை? படிச்சுப் படிச்சுச் சொன்னோமில்ல? யார் வேண்டாம்னு சொன்னது?" நான் இதோ இந்தக் கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். வேணி என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியாமப் போச்சு டாக்டர்" என்றாள். எனக்கு வந்த கோபம்! தெரியாமப் போச்சு என்று ஏன் தலைகுனிய வேண்டும்? பஸ் வசதி இல்லை, வீட்டில் ஆள் இல்லை, ஆபரேஷன் பண்ணின உடம்பு என்று திருப்பிக் கேட்டிருக்கலாமே. நானாக இருந்தால் கேட்டிருப்பேன். கேட்கவும் வாயெடுத்தேன். சீனியம்மா என் கையைப் பிடித்து அழுத்தி, "சும்மா இருட்டி" என்றது. நல்ல பலம் அந்தக் கைக்கு.

இப்போது சீனியம்மாதான் உள்ளே ராணி. சாக்ஸ் நழுவுகிறது என்று பழைய வேட்டித் துணியிலேயே உறை ஒன்று தைத்துக் கொண்டுவந்திருக்கிறது. ஜெசிந்தா அம்மா, "நல்லாத் தச்சிருக்கீங்களே" என்று மற்றவர்களுக்கும் எடுத்துக் காட்டினாராம். சீனியம்மா அன்றைக்கு என்ன காரணத்துக்குக் கட்டியது? பீச்சாங்கை தீட்டு என்று கட்டியது. மூடநம்பிக்கை. நான் எதற்கு அவிழ்த்தேன்? குழந்தைக்காக அவிழ்த்தேன். அது சொன்ன காரணம் தப்பு, நான் சொன்ன காரணம் சரி. இன்றைக்கும் எந்த மேடையில் ஏற்றினாலும் இதை நான் நிரூபிப்பேன். ஆனால் உள்ளே அது இருக்கிறது, வெளியே நான்.

அழுகை எதுவும் இல்லை அக்கா, பதறாதீங்க. எனக்கு இப்போது ஒன்றும் வருவதில்லை. காலையில் டீ குடித்தேன், சுட்டது. அவ்வளவுதான் தெரிந்தது. காலேஜில் பேச்சுப் போட்டிக்குப் பேர் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன், தலைப்பு என்ன என்று பார்க்கவில்லை.

இருங்க. கதவு திறக்கிறது. வேணிதான்.

"ஏட்டி தேனு, கண்ணாடியக் கழத்து."

"எதுக்கு வேணி?"

"குடுட்டி. கிலுக்கு, பந்து எதைக் காட்டுனாலும் மூஞ்சியத் திருப்பிக்கிடுதான். சோத்தாங்கைப் பக்கம் உன் கண்ணாடியக் காட்டுனா எட்டுவான்னு அத்தை சொல்லுதாவ."

"நானே வாரேனே. என் மூஞ்சியில இருந்தாத்தானே அவன் பிடிப்பான்? நான் பேசலை வேணி. ஒரு வார்த்தை பேசலை."

"நீ இரு. கண்ணாடி போதும்."

பார்த்தீங்களா. கண்ணாடி போதுமாம்.

எனக்குப் பவர் அதிகம் அக்கா. அது இல்லாவிட்டால் ஒன்றும் தெரியாது. நீங்க இப்போது ஒரு மஞ்சள் சேலை, அவ்வளவுதான். மேலே முகம் இருக்கிற இடம் வெறும் மங்கல். அந்தக் கதவு திறந்திருக்கிறதா, மூடிவிட்டாளா?

உள்ளே சத்தமில்லை. அழவில்லை அவன். அழவில்லை என்றால் எட்டுகிறான் என்று சொல்லலாம். எட்டுவதையே விட்டுவிட்டான் என்றும் சொல்லலாம். என்னால் இரண்டு பக்கமும் பேச முடியும். எந்தப் பக்கம் பேசச் சொன்னாலும் பேசுவேன்.

எழுந்திருக்கிறீங்களா? பஸ் போனால் போகட்டும் அக்கா, அடுத்தது வரும். டோக்கன் கூப்பிடட்டும். இருங்க.

என் துப்பட்டாவை இழுப்பது உங்கள் பாப்பாதானே? இழுக்கட்டும், விடுங்க, பழைய துப்பட்டாதான்.

எந்தக் கை அக்கா அது?

இல்லை, சும்மாதான் கேட்கிறேன். எனக்குத் தெரியவில்லை. அந்தக் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டு, இதோ, துப்பட்டா நுனியை மறு கைப் பக்கம் நீட்டுகிறேன். என்ன செய்கிறாள் என்று பார்த்துச் சொல்லுங்க.